அந்த ஏழு நிமிடத்துக்கு முன்னால் என்ன இருக்கிறது?

எங்கள் சித்தப்பா போன மாதம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு காணொளியைப் போட்டார். ஒரு செல்லோ தனியாக, ரொம்ப மெதுவாக வாசிக்கிறது, அப்புறம் பெரிய பாடகர் குழு ஒன்று அதே மெட்டை எடுத்துக்கொண்டு லத்தீனில் பாடுகிறது. கீழே சித்தப்பாவின் குறிப்பு: "படுக்கறதுக்கு முன்னாடி கேளுங்க, நல்லா தூக்கம் வரும்." அவர் சொன்னதில் தப்பில்லை. இணையத்தில் இந்தப் பாட்டு கிடைக்கிற இடங்களும் அப்படித்தான், 'மன அமைதிக்கு', 'தியானத்துக்கு', 'தூக்கத்துக்கு' என்று யார் யாரோ கட்டி வைத்த பட்டியல்களில், மழைச் சத்தத்துக்கும் புல்லாங்குழலுக்கும் நடுவில்.

அந்தப் பாட்டின் பெயர் பெனெடிக்டஸ். சுமார் ஏழரை நிமிடம். வேல்ஸ் நாட்டு இசையமைப்பாளர் கார்ல் ஜென்கின்ஸ் எழுதிய, ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஓடும் ஒரு பெரிய படைப்பின் பன்னிரண்டாவது பகுதி அது. 'ஆயுதம் தரித்த மனிதன்: சமாதானத்துக்கான ஒரு திருப்பலி' என்பது முழுப் படைப்பின் தலைப்பு, மொத்தம் 13 பகுதிகள். சித்தப்பா அனுப்பிய ஏழு நிமிடத்துக்கு முன்னால் ராணுவம் அணிவகுக்கிறது, பாங்கு ஒலிக்கிறது, ஹிரோஷிமா எரிகிறது, மகாபாரதத்துக் காடு ஒன்று மிருகங்களோடு எரிகிறது. இதெல்லாம் தெரியாமல் பெனெடிக்டஸைக் கேட்பது, சாவு வீட்டில் கடைசி நாள் போட்ட சாப்பாட்டை யாரோ டிபன் பாக்ஸில் கட்டிக்கொடுக்க, விசேஷச் சாப்பாடு என்று ரசித்துச் சாப்பிடுவது மாதிரி. சாப்பாடு ருசிதான், அதை மறுக்கவில்லை.

இந்தப் படைப்பை நான் முழுசாகப் பார்த்தது கச்சேரிப் பதிவாகத்தான். பல பதிவுகள் உண்டு. அதிகம் பேசப்படுவது 2018 நவம்பரில் பெர்லினில் நடந்தது. முதல் உலகப்போர் முடிந்து 100 ஆண்டு ஆனதை ஒட்டி, ஏறக்குறைய 30 நாடுகளிலிருந்து வந்த கிட்டத்தட்ட 2,000 பேர் ஒரே கூரையின் கீழ் பாடினார்கள். இடம் மெர்சிடிஸ்-பென்ஸ் அரீனா என்று அப்போது பெயர் வைத்திருந்த விளையாட்டு அரங்கம். எதிரிலேயே பெர்லின் சுவரின் மிச்சம், ஈஸ்ட் சைட் கேலரி, 1.3 கிலோமீட்டருக்கு நீண்டு நிற்கிறது. ஒரு காலத்தில் குண்டு பாயும் என்று யாரும் கால் வைக்காத எல்லைக்குப் பக்கத்தில் நின்று 30 நாட்டுக்காரர்கள் பாடுவதுதான் ஏற்பாடு. கொஞ்சம் நாடகத்தனம் என்று சொல்லலாம்தான். ஆனால் படைப்பே நாடகத்தனமானது, இடம் அதற்குப் பொருந்திவிட்டது.

2,000 பேர் பாடும்போது என்ன ஆகும் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். அரங்கின் ஒரு ஓரத்தில் நிற்பவரின் குரல் 60 மீட்டர் தள்ளி நிற்பவர் காதுக்குப் போய்ச் சேர 0.17 நொடி ஆகும். அணிவகுப்பு வேகத்தில் ஒரு தாளத் தட்டு அரை நொடி என்றால், மூன்றில் ஒரு பங்கு தட்டு பிந்திவிடுகிறது. சாதாரண கொயரில், அதாவது பாடகர் குழுவில், முதல் பாடமே 'பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுப் பாடு' என்பதுதான். இங்கே அதைச் செய்தால் ஒவ்வொரு வரிசையும் இன்னும் கொஞ்சம் பிந்தி, கடைசியில் மொத்தமும் குழம்பிய கூழாகிவிடும். காதை நம்பாமல் கண்ணை நம்ப வேண்டும், கையசைப்பைப் பார்த்த கணத்தில் வாயைத் திறக்க வேண்டும். இந்த அளவுக் குழுவைப் படம் பிடித்த பதிவுகளில் பாடகர்கள் எல்லார் முகமும் ஒரே திசையில் இறுக்கமாக நிலைத்திருக்கும், கையில் இருக்கும் கறுப்பு நோட்டை அவ்வளவாகப் பார்க்க மாட்டார்கள். பக்தி என்று நாம் நினைத்துக்கொள்கிறோம், பாதி பயம்.

நேரில் உட்கார்ந்திருப்பவருக்கு வராத ஒரு தெளிவு பதிவில் வருவதற்கும் காரணம் இதுதான். குழுவின் ஒவ்வொரு பகுதிக்கும் கிட்டத்தில் ஒலிவாங்கி வைத்துத் தனித்தனியாகப் பதிந்து, பிறகு ஒலிக்கலவையில் அந்த நேர வித்தியாசங்களைச் சரிசெய்து சேர்த்துவிடலாம். ஆக, கச்சேரிப் படம் நமக்குக் கேட்கத் தருவது அந்த அரங்கில் எந்த நாற்காலியிலும் கேட்காத ஒன்று. இதில் ஏமாற்று வேலை எதுவும் இல்லை, ஆனால் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

சரி, இந்தத் திருப்பலி எங்கிருந்து வந்தது? பலருக்கு ஆச்சரியமாக இருக்கும், இதை எழுதச் சொன்னது ஒரு திருச்சபையோ மடமோ இல்லை. ராயல் ஆர்மரீஸ், அதாவது பிரிட்டனின் தேசிய ஆயுத அருங்காட்சியகம். லண்டன் கோபுரத்தில் இருந்த வாள், கவசம், துப்பாக்கிகளில் பெரும்பகுதியைக் கொண்டுபோய் 1996-இல் லீட்ஸ் நகரில் திறந்தார்களே, அந்த நிறுவனம். புத்தாயிரம் பிறப்பதை ஒட்டி ஏதாவது செய்ய நினைத்தார்கள். அப்போது அதன் தலைவராக இருந்த கை வில்சன்தான் பாடல் வரிகளைத் தேடிப் பொறுக்கிச் சேர்த்தவர். வாழ்நாள் முழுக்க ஆயுதங்களோடு இருந்த மனிதர் சேர்த்த தொகுப்பு என்பதை நினைவில் வைத்துக்கொண்டு கேட்டால் சில தேர்வுகள் இன்னும் நன்றாகப் புரிகின்றன. ஜென்கின்ஸ் எழுதிக்கொண்டிருந்த காலத்தில் கொசோவோவில் போர். படைப்பை அந்தப் போரில் மாண்டவர்களுக்கே சமர்ப்பித்தார். 2000 ஏப்ரலில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் முதல் அரங்கேற்றம். இசைத்தட்டு கடைக்கு வந்த தேதி 2001 செப்டம்பர் 10. மறுநாள் என்ன நடந்தது என்று சொல்லவே வேண்டாம்.

ஜென்கின்ஸைப் பற்றி இரண்டு வார்த்தை. 1944-இல் பென்க்ளாத் என்ற வேல்ஸ் கடற்கரைக் கிராமத்தில் பிறந்தவர், சிப்பி பொறுக்குவதற்குப் பேர்போன ஊர். அப்பா பள்ளி ஆசிரியர், தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவர், பாடகர் குழுவையும் நடத்தியவர். பிள்ளை ஓபோ என்ற ஊதுகருவி படித்து, ஜாஸுக்குப் போய், 'சாஃப்ட் மெஷின்' என்ற ராக் குழுவில் சேர்ந்து, அப்புறம் விளம்பரங்களுக்கு இசையமைத்துச் சம்பாதித்தார். வைர விளம்பரத்துக்குப் போட்ட மெட்டு, விமான நிறுவன விளம்பரத்துக்குப் போட்ட மெட்டு எல்லாம் பின்னால் தனிப் படைப்புகளாகி உலகம் சுற்றின. 2023-இல் சார்லஸ் மன்னரின் முடிசூட்டு விழாவில் பெரிய மீசையும் கண்ணாடியுமாக உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து, 'இது மாறுவேடத்தில் வந்த மேகன் மார்க்கிள்' என்று இணையத்தில் கிளப்பிவிட்டார்களே, அந்தப் பெரியவர் இவர்தான். மீசை பல வருஷமாக இருக்கிறது என்று அவரே காணொளி போட்டு விளக்க வேண்டியதாகிவிட்டது.

விளம்பரக்காரர் என்பதாலேயே விமர்சகர்கள் பலருக்கு இவரைப் பிடிக்காது. உணர்ச்சியை விற்கிறார் என்பார்கள். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. 30 நொடிக்குள் ஆளைப் பிடித்து உட்காரவைக்கும் வித்தை கையில் இருப்பவர், அதை இங்கேயும் விடவில்லை. ஒவ்வொரு பகுதியும் முதல் இரண்டு மூன்று சுரத்திலேயே 'நான் இன்னது' என்று சொல்லிவிடுகிறது. தொழில்முறைப் பாடகர் அல்லாத சாதாரண ஊர்க் கொயர்கள் உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான முறை இதைப் பாடியிருப்பதற்கும் அந்த எளிமைதான் காரணம். குரல் எட்டாத உயரங்கள் அதிகம் இல்லை, வரிகள் திரும்பத் திரும்ப வருகின்றன. என் கட்சி என்னவென்றால், தனித்தனிப் பகுதிகளாகப் பார்த்தால் விமர்சகர்கள் சொல்வது பாதி சரி; வரிசையாகப் பார்த்தால் அவர்கள் சொல்வது எடுபடாது. இந்தப் படைப்பின் கெட்டிக்காரத்தனம் மெட்டில் இல்லை, வரிசையில் இருக்கிறது.

தமிழ்நாட்டிலோ யாழ்ப்பாணத்திலோ கத்தோலிக்கத் திருப்பலிக்குப் போனவர்களுக்கு வரிசை தெரியும். 'ஆண்டவரே இரக்கமாயிரும்', பிறகு 'உன்னதங்களிலே' என்று தொடங்கும் வானவர் கீதம், பிறகு விசுவாச அறிக்கை, பிறகு 'தூயவர், தூயவர், தூயவர்', கடைசியில் 'இறைவனின் செம்மறியே'. ஐரோப்பாவில் மாஸ், அதாவது திருப்பலி இசை, என்று யார் இசையமைத்தாலும் 600 வருஷமாக இந்த ஐந்தும்தான் சட்டகம். 'ஆண்டவர் பெயரால் வருகிறவர் ஆசி பெற்றவர்' என்ற வரி தூயவர் பாட்டுக்குள்ளேயே வரும் கடைசிப் பாதி, அதுதான் லத்தீனில் பெனெடிக்டஸ்.

ஜென்கின்ஸும் வில்சனும் இந்தச் சட்டகத்தை மூன்று விதமாக உடைக்கிறார்கள். வானவர் கீதத்தை எடுத்துவிட்டார்கள். விசுவாச அறிக்கையை எடுத்துவிட்டார்கள். சமாதானத்துக்கான திருப்பலியில், உலகில் நல்மனத்தோருக்கு அமைதி என்று வெளிப்படையாகச் சொல்லும் வானவர் கீதத்தையே காணோம்! 'நான் நம்புகிறேன்' என்று அறிக்கையிடும் இடமும் இல்லை. மூன்றாவதுதான் முக்கியம்: தூயவர் பாட்டை இரண்டாக வெட்டி, முதல் பாதியை ஐந்தாவது பகுதியாகவும், 'வருகிறவர் ஆசி பெற்றவர்' என்ற மறுபாதியைப் பன்னிரண்டாவது பகுதியாகவும் வைத்துவிட்டார்கள். கோயிலில் ஒரே மூச்சில் பாடுகிற பாட்டு. இங்கே ஒரு பாதிக்கும் மறுபாதிக்கும் நடுவில் ஒரு போர் முழுவதும் நடந்து முடிகிறது.

முதலிலிருந்து போவோம். தொடக்கத்தில் டிரம், காலணிச் சத்தம், மேலே பிக்கோலோ என்ற குட்டிப் புல்லாங்குழலின் கீச்சுக்குரல். கொயர் பாடுவது 'லோம் ஆர்மே', அதாவது 'ஆயுதம் தரித்த மனிதன்', என்ற 15-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுப் பாட்டு: ஆயுதம் தரித்தவனுக்கு அஞ்ச வேண்டும், எல்லாரும் இரும்புக் கவசம் போட்டுக்கொள்ளுங்கள் என்று எங்கும் பறைசாற்றியிருக்கிறார்கள். தெருப்பாட்டு மாதிரியான இந்த மெட்டின் மேல் துஃபாய், ஜோஸ்கான், பலஸ்த்ரீனா என்று பழைய இசையமைப்பாளர்கள் பலர் 40-க்கும் மேற்பட்ட மாஸ்கள் எழுதியிருக்கிறார்கள். சண்டைப் பாட்டை எதற்குக் கோயிலுக்குள் கொண்டுவந்தார்கள்? ஆராய்ச்சியாளர்களில் பலர் இதை பர்கண்டி அரசவையோடும், 1453-இல் கான்ஸ்டான்டிநோபிள் துருக்கியர் கைக்குப் போன பிறகு எழுந்த சிலுவைப்போர்ப் பேச்சோடும் சேர்த்துப் பார்க்கிறார்கள். அப்படியானால் அந்த ஆயுதம் தரித்தவன் யாருக்கு எதிராகக் கிளம்பினான் என்பதும் தெரிந்துவிடுகிறது.

அதனால்தான் இரண்டாவது பகுதி பாங்கு. வாத்தியம் கிடையாது, கொயர் கிடையாது, ஒரே ஒரு குரல். நம் ஊரில் பாங்கு 'சொல்வது' என்றுதான் சொல்வோம், 'பாடுவது' என்று யாரும் சொல்வதில்லை. அந்தச் சொல் வித்தியாசம் இங்கே நன்றாகவே தெரிகிறது, ஏனென்றால் ஒரு மணி நேரக் கச்சேரியில் இசை என்று எழுதப்படாத பகுதி இது ஒன்றுதான். சில இடங்களில் எதிர்ப்பு வரும் என்று இந்தப் பகுதியை விட்டுவிட்டுப் பாடுவதும் உண்டு. விட்டுவிட்டால் முதல் பகுதிக்கு எதிரொலியே இல்லாமல் போய்விடும். அப்புறம் வருவதெல்லாம் ஐரோப்பியர்கள் தங்களுக்குள் வருத்தப்பட்டுக்கொள்வது என்ற அளவில் நின்றுவிடும்.

மூன்றாவது 'ஆண்டவரே இரக்கமாயிரும்', நடுவில் பலஸ்த்ரீனாவிடமிருந்து ஒரு துண்டை அப்படியே எடுத்து வைத்திருக்கிறார். நான்காவது சங்கீதப் புத்தகத்திலிருந்து, வாத்தியமில்லாமல் ஆண் குரல்கள் மட்டும் பழைய மடங்களில் ஓதுகிற தோரணையில். 'இரத்தப்பிரியரான மனுஷருக்கு என்னை விலக்கி' என்று நம் பழைய வேதாகமத்தில் வருகிற வரிதான். ஓதி முடிந்ததும் ஒரே ஒரு டிரம் அடி. அவ்வளவுதான். முதல் தடவை கேட்கிறபோது தூக்கிவாரிப்போடும். ஐந்தாவது 'தூயவர்'. நாம் பழகிய தூயவர் பாட்டு மாதிரியே இருக்காது, போர்முரசுகள் உறுமிக்கொண்டே இருக்கின்றன, கடவுளின் பெயரைச் சொல்லிக்கொண்டே ஆள் சேர்க்கிற மாதிரி.

ஆறாவது ஆங்கில எழுத்தாளர் கிப்ளிங்கின் வரிகள், போருக்குப் புறப்படுமுன் பாடும் ஒரு ஜெபம், 1896-இல் எழுதியது. அதே கிப்ளிங்கின் ஒரே மகன் 18 வயதில் 1915-இல் முதல் உலகப்போரின் லூஸ் போர்க்களத்தில் செத்தான். கச்சேரியில் யாரும் இதைச் சொல்வதில்லை, சொல்லவும் வேண்டாம், ஆனால் தெரிந்துகொண்டு கேட்டால் தொண்டை அடைக்கும்.

ஏழாவது 'தாக்கு!' இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். எக்காளங்கள், ஆங்கிலக் கவிஞர் டிரைடன் எழுதிய முழக்கமான வரிகள், நடுவில் பெண் குரல்கள் ரோமானியக் கவிஞர் ஹோரஸின் பழைய வரியை, நாட்டுக்காக உயிர்விட்டவன் எவ்வளவு பாக்கியவான் என்பதை, ஸ்விஃப்ட்டின் ஆங்கிலத்தில் தாலாட்டு மாதிரிப் பாடுகிறார்கள். அப்புறம் சத்தம் கூடிக் கூடி, சுரம் என்று எதுவும் மிஞ்சாமல், கொயர் மொத்தமும் அலறுகிறது. பாட்டு இல்லை, அலறல். நின்றதும் அமைதி. சுமார் அரை நிமிடத்துக்கு ஒன்றுமே இல்லை.

நான் முதல் தடவை பார்த்தது கைபேசியில், பேருந்தில். அந்த அமைதி வந்ததும் நெட் போய்விட்டது என்று நினைத்துத் திரையைத் தொட்டேன். நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன, படமும் ஓடிக்கொண்டிருந்தது. வயலின்காரர் ஒருவர் வில்லை மடியில் வைத்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார். காதுக்குள் கூர்ந்து கேட்டால் முழு நிசப்தம் இல்லை, அரங்கத்தின் மூச்சு மாதிரி ஏதோ ஒன்று, எங்கோ ஒரு இருமல். பதிவு செய்கிறவர்கள் வேண்டுமென்றே அதை விட்டு வைப்பார்கள். ஒலியை முழுசாக அறுத்துவிட்டால் கருவி கெட்டுவிட்டது என்றுதான் தோன்றும், ஆட்கள் மௌனமாக இருக்கிறார்கள் என்று தோன்றாது. இந்த அரை நிமிடத்தில் எந்த இயக்குநரும் கொஞ்சம் தடுமாறுகிறார். எதைக் காட்டுவது? கண்ணை மூடியிருக்கும் பாடகியைக் காட்டினால் செயற்கையாக இருக்கிறது. சபையைக் காட்டினால் யாராவது கைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் பார்த்ததில் நல்ல பதிவு எதையும் தேடவில்லை, கேமரா ஒரே இடத்தில் நின்றுவிட்டது. பிறகு தனி எக்காளத்தில் 'லாஸ்ட் போஸ்ட்', நம் ஊரிலும் ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்யும்போது ஊதுவார்களே, அதே ஊதல்.

எட்டாவது ஹிரோஷிமா. தோகே சங்கிச்சி என்ற கவிஞரின் வரிகள். 1945 ஆகஸ்ட் 6 அன்று அந்த ஊரிலேயே இருந்தவர், 1953-இல் 36 வயதில் இறந்தார். ஒன்பதாவது பகுதியின் தலைப்பு 'தீவட்டிகள்'. வரிகள் மகாபாரதத்திலிருந்து.

இங்கே சித்தப்பாவிடம் திரும்பிப் போக வேண்டும். அவர் அனுப்பிய துண்டுக்குப் பதிலாக நான் முழுக் கச்சேரியின் இணைப்பை அனுப்பினேன், 'ராத்திரியில் வேண்டாம், பகலில் பாருங்க' என்று சொல்லி. இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டார். அவர் வளர்ந்தது ஆரணிப் பக்கம், திரௌபதி அம்மன் கோயிலில் பாரதப் பிரசங்கமும் ராத்திரி முழுக்கக் கூத்துமாகத் திருவிழா நடக்கிற ஊர். "ஏம்ப்பா, அந்த மிருகங்க எரியற பாட்டு, கீழே எழுத்துல போட்டாங்களே, அது காண்டவ வனம்தானே?" என்றார். ஆமாம் சித்தப்பா என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "அர்ஜுனனைக் காணோமே."

அதுதான் விஷயம். நாம் கேட்டு வளர்ந்த காண்டவ தகனம் எப்படி இருக்கும்? அக்கினி தேவனுக்கு யாகத்து நெய்யைக் குடித்துக் குடித்து அஜீரணம். காட்டைத் தின்றால்தான் தீரும். இந்திரன் மழை பெய்து அணைக்கிறான், ஏனென்றால் அவன் சிநேகிதன், நாகராஜன் தட்சகன், அங்கே இருக்கிறான். கண்ணனும் அர்ஜுனனும் துணைக்கு வருகிறார்கள், அர்ஜுனனுக்குக் காண்டீபம் கிடைக்கிறது, பிழைத்த மயன் நன்றிக்கு மண்டபம் கட்டித் தருகிறான். வில்லிபாரதத்தில் இதற்கென்றே ஒரு சருக்கம் இருக்கிறது. வீரக் கதை. தப்பி ஓடும் மிருகங்களையும் பறவைகளையும் தேரில் இரண்டு பக்கமும் நின்று அடித்து வீழ்த்தினார்கள் என்பது வியாசரிடம் தெளிவாகவே இருக்கிறது, ஆனால் கேட்கிற நம் கவனம் வில்லின் மேல்தான். வில்சன் எடுத்துக்கொண்டது மிருகங்கள் பக்கத்து வரிகளை மட்டும். கண் பிதுங்கி எல்லாத் திசையிலும் ஓடியவை, பிள்ளைகளையும் தாய் தகப்பனையும் விட மனமில்லாமல் கட்டிக்கொண்டு அப்படியே செத்தவை, உயிருள்ள தீவட்டிகளாக எரிந்தவை. தேர் இல்லை, வில் இல்லை, கடவுள் இல்லை, காரணமும் இல்லை. ஹிரோஷிமாவுக்கு அடுத்த பகுதியாக வைத்துவிட்டதால், மேலிருந்து பார்த்தவர்களுக்கு அது வெற்றி, கீழே இருந்தவர்களுக்கு அது என்ன என்று தனியாக யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கதையில் கடைசியில் பிழைத்தவை ஆறே உயிர்கள்: மயன், ஒரு நாகம், நான்கு குஞ்சுப் பறவைகள். நூறு தடவை கேட்ட கதைதான், சித்தப்பாவுக்கு ஒரு அன்னியக் கொயர் பாடித்தான் அந்தப் பக்கம் தெரிந்தது. எனக்கும்தான்.

அதற்கு அடுத்தது 'இறைவனின் செம்மறியே'. எத்தனையோ மாஸ்களில் கேட்ட வரி. எரிந்த மிருகங்களுக்குப் பிறகு வரும்போது செம்மறி உண்மையான ஆடாக, இன்னொரு மிருகமாக ஆகிவிடுகிறது. பதினொன்றாவது வில்சனே எழுதியது: துப்பாக்கிகள் நின்றுவிட்டன, சாவேன் என்று நினைத்த நான் பிழைத்துவிட்டேன், நீ இல்லை. ஒற்றைக் குரல், சின்னப் பாட்டு, அலங்காரமே கிடையாது.

இப்போது செல்லோ. சித்தப்பா அனுப்பிய இடம். கிட்டத்தட்ட இரண்டு நிமிடம் யாரும் பாடுவதில்லை. பிறகு கொயர் மெல்ல: 'ஆண்டவர் பெயரால் வருகிறவர் ஆசி பெற்றவர்.' கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் ஒருவர் திரும்பி வரவே இல்லை என்று கேட்டிருக்கிறோம். 'வருகிறவர்' என்ற சொல் காதில் விழுகிற விதமே மாறிவிடுகிறது. ஐந்தாவது பகுதியில் முரசோடு தொடங்கி அறுந்த பாட்டின் மறுபாதி இது என்று தெரிந்தால் இன்னும் கனக்கும். நடுவில் 'ஓசன்னா' என்று திடீரென்று மொத்தக் குழுவும் டிரம்களோடு வெடிக்கிறது. தூக்கப் பட்டியலில் கேட்கிறவர்களுக்கு இந்த இடம் தொந்தரவு. சிலர் ஒலியைக் குறைத்துப் பதிவேற்றியிருப்பதைக்கூடப் பார்த்தேன்.

ஒரு குறை சொல்ல வேண்டும். இந்தப் படைப்போடு திரையில் ஓட்டுவதற்கென்றே ஹெஃபின் ஓவன் தொகுத்த ஒரு படம் இருக்கிறது, போர்க் காட்சிகளின் கோவை. பல கச்சேரிகளில் கொயருக்குப் பின்னால் அதை ஓடவிடுகிறார்கள். அதை நல்ல மனசோடு செய்திருக்கிறார்கள், சந்தேகமில்லை. ஆனால் கறுப்பு வெள்ளைப் பிணங்களைக் காட்டும்போது காது மூடிக்கொள்கிறது, கண் முந்திக்கொண்டு போய்விடுகிறது, இசை பின்னணியாகிவிடுகிறது. அதையும் சேர்த்துப் படமெடுத்தால் படத்துக்குள் படம், நாம் மூன்றாவது வட்டத்தில் உட்கார்ந்திருப்போம். எனக்குப் பிடித்தவை பாடுகிறவர்களின் முகத்தோடு நிற்கிற பதிவுகள். 'தீவட்டிகள்' பகுதியில் அறுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா, வேலைக்குப் போய்வந்து சாயங்காலம் கொயருக்குப் போகிற யாரோ ஒருவர், தாய்மடியை விடாத மிருகங்களைப் பற்றிய வரியைப் பாடிவிட்டு அடுத்த வரிக்கு மூச்சு எடுக்கிற அந்தக் கணம் போதும், காடு எரிவதை வேறு காட்ட வேண்டாம்.

கடைசிப் பகுதியில் முதல் பாட்டின் மெட்டு திரும்பி வருகிறது. அதே 'லோம் ஆர்மே', அதே நடை, வார்த்தை மட்டும் வேறு: எந்நேரமும் சண்டையைவிடச் சமாதானம் மேல், மாலரியின் ஆர்தர் கதையில் வருகிற வரி. கவிஞர் டென்னிசனின் பாட்டில் வரும் மணிகள் பழைய போர்களை வழியனுப்பி ஆயிரம் ஆண்டு அமைதியை வரவேற்கின்றன. 2000-இல் அது பொருத்தமாக இருந்திருக்கும், இப்போது கேட்டால் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. இந்தப் பகுதி கொஞ்சம் நீளம் என்பது என் எண்ணம். அப்புறம் எல்லா வாத்தியமும் நின்று, வெறும் குரல்கள். வெளிப்படுத்தின விசேஷம், 21-ஆம் அதிகாரம்: 'அவர்களுடைய கண்ணீர் யாவையும் தேவன் துடைப்பார், இனி மரணமுமில்லை, துக்கமுமில்லை.' ஒரு மணி நேரம் முரசும் எக்காளமும் கேட்ட காதுக்கு, கையில் எதுவுமில்லாமல் ஆட்கள் மட்டும் நிற்பது மாதிரி இருக்கிறது.

போன வாரம் சித்தப்பா மறுபடி கூப்பிட்டார். வேறு ஏதோ பேச, கடைசியில் அதே பேச்சு. கைபேசியில் அந்தப் பழைய துண்டை அழித்துவிட்டாராம். "முழுசா இருக்கறதை எறக்கி அனுப்பேன், எனக்கு நெட் நிக்க மாட்டேங்குது. அந்தக் கால் சத்தம் வருதே, அங்கேர்ந்து வேணும்." அனுப்பியிருக்கிறேன். 900 எம்பிக்கு மேலே இருக்கிறது, இன்னும் இறங்கிக்கொண்டே இருக்கிறதாம்.